மாலத்தீவில் 'எல்லாம் அடக்கம்': கையைக் கடிக்காமல் போய்வர ஒரு முழு வழிகாட்டி

மாலத்தீவு ரிசார்ட்டுகள் பெரும்பாலும் தீவுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கின்றன. இது தெரிந்தே போகிறவர்களுக்கும் இதன் பொருள் அங்கே இறங்கிய பிறகுதான் உறைக்கிறது. தெருமுனையில் பெட்டிக்கடை கிடையாது. சன்ஸ்கிரீன் தீர்ந்துவிட்டதா, பிள்ளைக்கு நீச்சல் கண்ணாடி வேண்டுமா, எல்லாம் அந்த ஒரே கடையில், அவர்கள் சொல்லும் டாலர் விலையில். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் பக்கத்து ஓட்டலுக்குப் போக முடியாது. பக்கத்தில் இருப்பது கடல்.

இதனால்தான் குறைந்த செலவில் போக நினைப்பவர்களுக்கு ஆல் இன்க்ளூசிவ், அதாவது சாப்பாடும் பானமும் அறை விலையிலேயே அடங்கிய பாக்கேஜ் பொருத்தமாக இருக்கிறது. அறை வாடகை மட்டும் கட்டிவிட்டு வேளாவேளைக்குச் சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், ஒரு எலுமிச்சை ஜூஸ் குடிக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த 'ஆல்' என்ற சொல்லுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பதை வீட்டிலேயே தோண்டிப் பார்த்துவிட வேண்டும். தலைநகர் மாலேயில் படகு ஏறிவிட்டால் பேரம் முடிந்தது.

முதல் படி: உண்மையான விலையைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தில் தெரியும் எண் அறைக்கான எண். அதன் பக்கத்தில் '++' என்ற குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் அதில் சேரவில்லை என்று அர்த்தம். அந்தச் சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம். இதற்கு மேல் பசுமை வரி என்று ஒன்று உண்டு. ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் 12 டாலர். 2024 முடியும் வரை இது 6 டாலராக இருந்தது. பழைய பயணக் கட்டுரைகளை நம்பி பட்ஜெட் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் இந்த வரி கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கு ஓர் இரவுக்கு 300 டாலர் ++ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு இரவுகள். மனக்கணக்கு 1,200 என்று சொல்லும். சேவைக் கட்டணம் சேர்த்தால் ஓர் இரவு 330. வரி அந்த 330-க்கும் சேர்த்துத்தான், ஆக 386 டாலர் 10 சென்ட். நான்கு இரவுக்கு 1,544. பசுமை வரி இருவருக்கும் சேர்த்து 96. படகுக்கு ஆளுக்கு 150 டாலர் என்றால் 300. மொத்தம் 1,940. விமான டிக்கெட் இன்னும் சேரவில்லை. 1,200 எப்படி 1,940 ஆனது என்று அங்கே ரிசப்ஷனில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. எல்லாம் சிறிய எழுத்தில் இருந்திருக்கும்.

அதனால் இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிடும்போது அறை வாடகையை ஒப்பிடாதீர்கள். வரிகளும் போக்குவரத்தும் சேர்ந்த இறுதித் தொகையை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். 250 டாலர் அறை 320 டாலர் அறையைவிட அதிகச் செலவு வைப்பது இங்கே சாதாரணம். காரணம் அடுத்த படியில்.

இரண்டாம் படி: தீவை வரைபடத்தில் பாருங்கள்

மாலத்தீவு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. சர்வதேச விமான நிலையம் மாலே பக்கத்தில் ஹுலுலே தீவில். அங்கிருந்து உங்கள் ரிசார்ட் எத்தனை தூரம் என்பதுதான் போக்குவரத்துச் செலவை முடிவு செய்கிறது. 'அட்டோல்' என்ற சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனதுதான். பவளத்தீவுகள் வளையமாக அமைந்த கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கு மாலே அட்டோல், தெற்கு மாலே அட்டோல் இரண்டுக்கும் ஸ்பீட்போட் போதும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தள்ளியிருக்கும் அட்டோல்கள் என்றால் தண்ணீரிலேயே இறங்கி ஏறும் சீப்ளேன், அல்லது உள்நாட்டு விமானமும் படகும் சேர்ந்த பயணம்.

சீப்ளேனில் போவது அழகுதான், மறுக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் கடலில் யாரோ நீல மையைக் கொட்டிக் கலைத்த மாதிரி இருக்கும். ஆனால் போய்வர ஆளுக்கு 400, 500 டாலர் என்பது சகஜம். அதோடு சீப்ளேன் பகலில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலை நான்கு மணிக்கு மாலேயில் இறங்கினால் அன்றைக்கு ரிசார்ட் கிடையாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுலுமாலேயில் ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டும். தீவில் அன்றைய இரவுக்கும் வாடகை ஓடும். திரும்பும்போதும் இதே சிக்கல்தான். காலை ஏழு மணி விமானம் என்றால் முந்தின நாளே தீவைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். பட்ஜெட்டில் போகிறவர்களுக்கு என் யோசனை: முதல் முறை ஸ்பீட்போட் தூரத்திலேயே பாருங்கள்.

அடுத்து ஹவுஸ் ரீஃப். இதை யாரும் முதலில் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அறையைவிட இதுதான் முக்கியம். தூத்துக்குடிப் பக்கம் 'பார்' என்பார்களே, அதுதான். தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை விளிம்பு கரைக்குப் பக்கத்தில் இருந்தால், காலையில் எழுந்து முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீந்திப் போய் மீன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு காசு செலவில்லை. விளிம்பு தொலைவில் இருந்தால் ஒவ்வொரு முறையும் படகு, படகுக்குக் கட்டணம். தெற்கு மாலே அட்டோலில் பியாதூவும் வடக்கு ஆரி அட்டோலில் எல்லைதூவும் ஹவுஸ் ரீஃபுக்குப் பேர்போன தீவுகள். குழந்தைகளோடு போகிறவர்களும் நீச்சல் தெரியாதவர்களும் இதற்கு நேர்மாறாகத் தேட வேண்டும். கரைக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே இடுப்பளவு ஆழத்தில் அமைதியான தண்ணீர், அதாவது அகலமான களப்பு இருக்கும் தீவு அவர்களுக்கு நல்லது. இரண்டும் ஒரே தீவில் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1998-லும் 2016-லும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. விளம்பரப் படங்களில் இருக்கும் வண்ணத் தோட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மீன்கள் ஏராளம். பவளம் இடத்துக்கு இடம் வேறுபடும். அண்மையில் போய்வந்தவர்கள் தண்ணீருக்கடியில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்.

நீர்மேல் வில்லா? தேனிலவு என்றால் உங்கள் விருப்பம். மற்றபடி கடற்கரை அறையே போதும். பகல் முழுக்க வெளியில்தான் இருக்கப் போகிறீர்கள்.

மூன்றாம் படி: பாக்கேஜை வரி வரியாகப் படியுங்கள்

குறைந்த விலை ரிசார்ட்டுகளில் ஆல் இன்க்ளூசிவ் என்றால் பொதுவாக மூன்று வேளை பஃபே, மாலையில் டீயும் சிறுதீனியும், பாரில் குறிப்பிட்ட சில பானங்கள். இந்தக் 'குறிப்பிட்ட' என்ற இடத்தில்தான் பூதம் ஒளிந்திருக்கிறது. முன்பதிவு செய்வதற்கு முன்னால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். என்ன கேட்பது?

பானங்கள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? தண்ணீர் பாட்டில் அறைக்குத் தினமும் எத்தனை? அறையில் இருக்கும் மினிபார் பாக்கேஜில் சேர்த்தியா? காபி இயந்திரக் காபியா, எஸ்பிரெசோவுக்குத் தனிக் காசா? பழச்சாறு பிழிந்து கொடுப்பதா, டப்பாவிலிருந்து ஊற்றுவதா? பஃபே இல்லாத இன்னொரு உணவகம் இருந்தால் அங்கே ஒரு வேளையாவது இலவசமா? முகக்கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் வாடகைக்கா, சும்மாவா? சுற்றுலாப் படகுப் பயணம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? பல இடங்களில் தங்கும் நாட்களுக்குள் ஒரு முறை மாலை நேர மீன்பிடி அல்லது பக்கத்து ஊர்த் தீவுக்கு ஒரு நடை சேர்ந்திருக்கும். கேட்காமல் விட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மது அருந்தாதவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஆல் இன்க்ளூசிவ் விலையில் ஒரு பங்கு சாராயத்துக்கானது. வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்றால் அதே ரிசார்ட்டின் ஃபுல் போர்டு விலையைக் கேளுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு மட்டும். வித்தியாசம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30, 40 டாலர் என்றால் தண்ணீரும் குளிர்பானமும் தனியாக வாங்குவதே லாபம். வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு டாலர்தான் என்றால் ஆல் இன்க்ளூசிவையே எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இதைவிடவும் மலிவாக வேண்டும் என்றால் மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. சிறிய விடுதிகளில் பசுமை வரியும் பாதிதான். அங்கே மது கிடையாது, நீச்சல் உடைக்கு ஒதுக்கிய கரையில் மட்டும்தான் நீச்சல் உடை. அது வேறு மாதிரிப் பயணம், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான்காம் படி: எப்போது போவது

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு, கடல் அமைதி, விலை உச்சம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விலை இறங்கும், மழையும் வரும். நாள் முழுக்கக் கொட்டுவது குறைவு. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்துவிட்டு வெயில் அடிக்கும். சில வேளை மூன்று நாள் சேர்ந்தாற்போல் காற்றும் மழையுமாக இருப்பதும் உண்டு, அது அவரவர் யோகம். மான்டா திருக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த மழைக்காலம்தான் நல்லது. பா அட்டோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் அவை கூட்டமாக வருவது இந்த மாதங்களில்தான்.

நான் சொல்வது ஏப்ரல் கடைசி அல்லது நவம்பர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தை அறவே தவிர்த்துவிடுங்கள். டிசம்பர் 24, 31 இரவுகளுக்குச் சிறப்பு விருந்து என்று ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். ஆல் இன்க்ளூசிவ் எடுத்திருந்தாலும் விட மாட்டார்கள்.

ஐந்தாம் படி: காகிதமும் பெட்டியும்

விசா இறங்கியவுடன் இலவசமாகக் கிடைக்கும். பொதுவாக 30 நாள், இந்தியர்களுக்கு 90 நாள். பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், ரிசார்ட் முன்பதிவுச் சீட்டு கையில் இருக்கட்டும். 'ஐமுகா' என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். வரும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. அரசுத் தளத்தில் இதற்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் தளம் வந்தால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்.

கொண்டு போகக் கூடாதவை: மது, பன்றி இறைச்சி, மின் சிகரெட். கொழும்பு வழியாகப் போகிறவர்கள் அங்கே வரியில்லாக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய் மாலே சுங்கத்தில் பறிகொடுப்பது வழக்கமான காட்சி. ரசீது கொடுப்பார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் தடை இருக்கிறது. தினமும் பூஜை செய்கிறவர்கள் இந்த நான்கு நாளும் மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள். வலுவான வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டை மறக்க வேண்டாம்.

எடுத்துப்போக வேண்டியவை: சன்ஸ்கிரீன், கொசுவுக்கான களிம்பு, கைக்கு அடக்கமான மருந்துப் பை, தண்ணீரில் போட்டுக்கொள்ள முழுக்கை டிஷர்ட், ரப்பர் செருப்பு. சொந்தமாக ஒரு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வாங்கிவிடுங்கள். நாள் வாடகையாகக் கொடுக்கும் காசில் ஊரிலேயே புதிதாக வாங்கிவிடலாம். மின்செருகி மூன்று செவ்வகக் கால்கள் கொண்ட பிரிட்டிஷ் வகை. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அடாப்டர் வேண்டும், இலங்கைக்காரர்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். சீப்ளேனில் போனால் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு.

டாலரைச் சில்லறையாக எடுத்துப் போங்கள். ஒன்று, ஐந்து, பத்து. மாலத்தீவு ரூஃபியா ரிசார்ட்டில் தேவையே படாது.

ஆறாம் படி: போய் இறங்கிய நாள்

வருகைக் கூடத்திலிருந்து வெளியே வந்தால் ரிசார்ட்டுகளின் கவுன்ட்டர்கள் வரிசையாக இருக்கும், ஒருவர் பெயர்ப்பலகையோடு நிற்பார். படகுத்துறை எதிரிலேயே இருக்கிறது. ஸ்பீட்போட்டில் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் கிராமத்துச் சாலையில் பேருந்தின் கடைசி சீட்டு மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். வாந்தி வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷனில் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதன் நிறத்தைப் பார்த்துத்தான் பாரில் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். அங்கேயே இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, பாக்கேஜ் பட்டியலின் அச்சிட்ட தாள். மற்றது, தீவில் இப்போது மணி என்ன?

இரண்டாவது கேள்வி சிரிப்பாகத் தோன்றலாம். மாலே நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட அரை மணி பின்தங்கியது. ஆனால் பல ரிசார்ட்டுகள் விருந்தினர்களுக்கு மாலையில் கூடுதல் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கின்றன. உங்கள் கைப்பேசி மாலே நேரத்தைக் காட்டும். நான் முதல்முறை போனபோது பாக்கேஜில் சேர்ந்திருந்த ஒரே இலவச மீன்பிடிப் பயணத்துக்கு, கைப்பேசியைப் பார்த்துச் சரியாக ஐந்தரைக்குப் படகுத்துறையில் போய் நின்றேன். படகு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குற்றம் சொல்ல ஆளில்லை, அறைக் கதவின் பின்னால் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஏழாம் படி: சாப்பாடு

பட்ஜெட் ரிசார்ட்டுகளில் பெரும்பாலும் தங்கும் நாள் முழுக்க ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். முதல் நாளே அவரிடம் நாலு வார்த்தை பேசிவிடுங்கள். இலங்கை, இந்தியா, வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. 'தம்பி எந்த ஊர்?' என்று கேட்டுத் தமிழில் பதில் வந்தால் உங்கள் நல்ல காலம். அன்றிலிருந்து மிளகாய் தூக்கலாக ஏதாவது ஒன்று சமையலறையிலிருந்து தனியாக வரும்.

பஃபேயில் பாஸ்தாவும் வேகவைத்த காய்கறியும் மூன்றாம் நாள் அலுத்துவிடும். காலையில் மாஸ் ஹூனி இருக்கிறதா பாருங்கள். சூரை மீனும் துருவிய தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் போட்டுப் பிசைந்தது. அதை ரோஷி என்னும் மெல்லிய ரொட்டியோடு சாப்பிடுவார்கள். நம் ஊர் நாக்குக்குச் சட்டென்று பிடிக்கும். நாம் மாசிக்கருவாடு என்று சொல்வது இந்தத் தீவுகளிலிருந்து வந்ததுதான், இலங்கைச் சம்பலில் விழுவதும் அதுவே.

சைவக்காரர்களுக்கும் அதே மாசிதான் எச்சரிக்கை. தேங்காய்ச் சம்பல், பருப்பு, கீரை என்று பார்வைக்குச் சைவமாக இருப்பதில் மாசித்தூள் கலந்திருக்கும். மீன் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது, சிலருக்கு மாசி மீன் கணக்கிலேயே சேராது. முன்பதிவிலேயே எழுதிவிட்டு, வந்ததும் தலைமைச் சமையல்காரரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சோறும் பருப்பும் தனியாக வைத்துத் தருவதில் அவர்களுக்குச் சிரமமில்லை.

எட்டாம் படி: கடல்

இங்கே மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். பார்ப்பதற்குக் கண்ணாடி போல இருக்கும் இந்தக் கடலில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு ஸ்நார்கெல் செய்யப் போய் உயிரிழப்பவர்கள் உண்டு.

முதல் நாள் களப்பிலேயே பழகுங்கள். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் எப்படி வெளியேற்றுவது, மூச்சுக்குழாயில் எப்படி ஊதுவது என்று நின்றபடி பத்து முறை செய்து பாருங்கள். பவளப்பாறை விளிம்புக்குப் போக எந்த வழி என்று டைவ் மையத்தில் கேளுங்கள். பாறையை மிதிக்காமல் போகக் குறியிட்ட வாய்க்கால்கள் இருக்கும். நீரோட்டம் அன்றைக்கு எந்தப் பக்கம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். தீவுகளுக்கு நடுவே இருக்கும் கால்வாய்ப் பக்கம் ஓட்டம் மிகக் கடுமை, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதைவிட ஓட்டத்துக்குக் குறுக்கே கரையை நோக்கிச் சாய்ந்து நீந்துங்கள், அடுத்த வாய்க்காலில் ஏறிக்கொள்ளலாம். தனியாகப் போகாதீர்கள். மதியம் பாரில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகாதீர்கள். பானம் இலவசம் என்பதால் இந்தத் தவறு ஆல் இன்க்ளூசிவில் சுலபமாக நடக்கும். நீச்சல் அரைகுறை என்றால் லைஃப் ஜாக்கெட் போட வெட்கப்பட ஒன்றுமில்லை.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிர், உடைந்தால் வளர ஆண்டுகள் ஆகும். உங்கள் காலும் கிழியும். டைட்டன் டிரிகர் என்ற பெரிய மீன் முட்டை காக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அது தன் எல்லையாக நினைப்பது கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு. மேலே எழும்பினால் இன்னும் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள். சிறிய கரும்துடுப்புச் சுறாக் குட்டிகள் முழங்கால் ஆழத்தில் சுற்றும். அவற்றுக்கு நம்மைப் பார்த்தால்தான் பயம்.

முதுகு வெந்து போவதுதான் அடிக்கடி நடப்பது. தண்ணீரில் குப்புறக் கிடந்தால் வெயில் சுடுவது தெரியாது, இரவில் படுக்கும்போது தெரியும். அந்த முழுக்கை டிஷர்ட் இதற்குத்தான்.

கிளம்பும் நாள்

கணக்கை முந்தின நாள் மாலையிலேயே கேட்டு வாங்குங்கள். காலையில் படகு காத்திருக்க, பின்னால் பத்துப் பேர் நிற்க, நீங்கள் குடிக்காத இரண்டு பியருக்கு விளக்கம் கேட்க முடியாது. பாரில் கையெழுத்துப் போட்ட சீட்டுகளைப் படம் எடுத்து வைத்திருந்தால் வேலை சுலபம். அன்பளிப்பு கட்டாயமில்லை. அறை சுத்தம் செய்தவருக்கும் மேசையில் பரிமாறியவருக்கும் ஆளுக்குப் பத்து டாலரை நேரில் கையில் கொடுங்கள்.

பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், பாக்கேஜும் பெரும்பாலும் அதோடு முடியும். உங்கள் படகு மாலை ஐந்துக்கு என்றால் இடையில் குடிக்கும் தண்ணீருக்கும் பில் வரலாம். பன்னிரண்டுக்குள் மதியச் சாப்பாடு திறக்குமா, குளிக்கப் பொது அறை உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிள்ளைகளின் பைகளைப் படகு ஏறும் முன் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளை நாட்டைவிட்டு எடுத்துப் போகத் தடை. ஸ்கேனரில் அது அப்படியே தெரியும், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுக்கச் சொல்வார்கள். தீவிலேயே திரும்பப் போடச் சொல்லிவிடுங்கள்.